எல்லா டெஸ்ட்டும் நார்மல்... வலி மட்டும் ஏன் போகவில்லை?

புராஸ்டேட் அழற்சி: வாசகர் கேள்விகள், மருத்துவக் குழுவின் பதில்கள்

நான்கு மாதமாக விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் கனமான ஒரு வலி. நாற்காலியில் உட்கார்ந்தால் பந்தின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. விந்து வெளியேறினால் எரிச்சல் அடுத்த நாள்வரை நிற்கிறது. மூன்று கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் முடித்தாயிற்று. யூரின் கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை, ஸ்கேனும் நார்மல். ‘புராஸ்டேடைட்டிஸ்’ என்கிறார் டாக்டர். எனக்கு 28 வயதுதான். இது வயதானவர்களுக்கு வருவதில்லையா?

வயதானவர்களுக்கு வருவது புராஸ்டேட் வீக்கம். சுரப்பி பருத்து, சிறுநீர்ப் பாதையை நெருக்கும். உங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது அழற்சி. இது வேறு, அது வேறு. 50 வயதுக்குக் கீழே உள்ள ஆண்கள் சிறுநீர்ப்பாதை நிபுணரான யூராலஜிஸ்டைத் தேடிப் போகும் காரணங்களில் புராஸ்டேடைட்டிஸ் முன்வரிசையில் நிற்கிறது.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், அக்ரூட் அளவில் இருக்கும் சுரப்பி. இளைஞர்களுக்கு ஏறக்குறைய 20 கிராம் இருக்கும். சிறுநீர்க் குழாய் அதன் நடுவே துளைத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அங்கே ஏற்படும் தொல்லை நீர் பிரிவதிலும், விந்து வெளியேறுவதிலும், மலம் கழிப்பதிலும் தெரிகிறது.

1995-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் இதை நான்கு வகையாகப் பிரித்தது. உலகம் முழுக்க இன்றும் புழக்கத்தில் இருப்பது அந்தப் பிரிவுதான். முதல் வகை, திடீரென்று காய்ச்சலோடு வரும் பாக்டீரியா தொற்று. இரண்டாவது, ஒரே கிருமி திரும்பத் திரும்ப நீர்த்தாரைத் தொற்றை உண்டாக்கும் நாள்பட்ட பாக்டீரியா அழற்சி. மூன்றாவது, கடந்த ஆறு மாதத்தில் குறைந்தது மூன்று மாதம் இடுப்புக்குழியில் வலி இருந்தும் கிருமி எதுவும் அகப்படாத நிலை. நான்காவது, வேறெதற்கோ பரிசோதிக்கும்போது தற்செயலாகத் தெரியவரும் அழற்சி. இதற்கு எந்தத் தொல்லையும் இருக்காது, பொதுவாக மருந்தும் வேண்டாம்.

அறிகுறியோடு வருபவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் மூன்றாவது வகைதான். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் இடமும் அதுவே. இதன் முழுப் பெயரிலேயே ‘நாள்பட்ட இடுப்புக்குழி வலி’ என்று சேர்த்திருப்பதற்குக் காரணம், பலருக்கு வலியின் ஊற்று புராஸ்டேட்டே இல்லை என்பதுதான். அதைச் சுற்றித் தொட்டில் போல் தாங்கும் தசைகள் இறுகிக் கிடக்கும். இல்லையென்றால் நரம்புகள் அளவுக்கு மீறி உணர்ச்சி வாங்கத் தொடங்கியிருக்கும். எப்போதோ வந்துபோன ஒரு தொற்றோ, அடியோ, மாதக்கணக்கான மன இறுக்கமோ அதைத் தொடங்கி வைத்திருக்கலாம். தொடங்கி வைத்தது போன பிறகும் வலி மட்டும் தங்கிவிடுகிறது. ஸ்கேனில் தசை இறுக்கம் தெரியாது. ரிப்போர்ட் நார்மல் என்பதற்காக உங்கள் வலி கற்பனை ஆகிவிடாது.

இனி அந்த மூன்று கோர்ஸ். ஆரம்பத்தில் ஒரு கோர்ஸ் கொடுத்துப் பார்ப்பதில் பிழை சொல்ல முடியாது. கல்ச்சரில் எதுவும் வளராத ஒருவருக்கு இரண்டாவது, மூன்றாவது என்று ஓட்டிக்கொண்டே போவதுதான் தவறு. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த வகை வலி நெடுநாளாக இருந்த 196 ஆண்களுக்கு ஆறு வாரம் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக், நீர் தாராளமாகப் பிரிய உதவும் டாம்சுலோசின், இரண்டும் சேர்த்து, அல்லது மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. ‘மாத்திரை சாப்பிடும்போது கொஞ்சம் நன்றாக இருந்ததே’ என்பீர்கள். இந்த வலி தானாகவே ஏறி இறங்கும் சுபாவம் கொண்டது; மோசமாக இருக்கும்போதுதான் டாக்டரிடம் போகிறோம், அடுத்தது இறங்குமுகம்தான். போதாததற்கு, சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுவினலோன் வகை மருந்துகளுக்கு அழற்சியைச் சற்றே தணிக்கும் குணமும் உண்டு. ஆனால் அதே மருந்துகள் குதிகால் தசைநாரை அறுக்கக்கூடும், கை கால் நரம்பைப் பாதிக்கக்கூடும். பாக்டீரியா உறுதியாகாமல் நான்காவது கோர்ஸுக்குச் சம்மதிக்க வேண்டாம். அடுத்து செய்ய வேண்டியதைக் கீழே, கீகல் பயிற்சி பற்றிய கேள்வியில் விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

போன வாரம் ஓர் இரவு வரை நன்றாக இருந்தேன். மறுநாள் காலையில் 103 டிகிரி காய்ச்சல், குளிர் நடுக்கம், நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, இப்போது மாத்திரை தந்திருக்கிறார்கள். ஐந்தாம் நாளே எல்லாம் சரியாகிவிட்டது. மீதி மாத்திரையை நிறுத்தலாமா? (வயது 34)

கூடாது. இது முதல் வகை, அசல் பாக்டீரியா தொற்று, பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை கிருமி. காய்ச்சல் இறங்குவது ரத்தத்திலும் சிறுநீரிலும் கிருமி குறைந்ததற்கு அடையாளம். சுரப்பியின் உள்மடிப்புகளில் இருப்பவை சாக இன்னும் நாள் வேண்டும். அதனால்தான் இரண்டு முதல் நான்கு வாரம் மருந்து தருகிறார்கள். பாதியில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி உள்ளேயே குடியேறி, இரண்டாவது வகையாக மாறலாம். இளம் வயதில் வரும் புராஸ்டேட் தொல்லைகளில் பின்விளைவைத் தடுப்பது பெருமளவு உங்கள் கையில் இருக்கும் இடம் இது.

காய்ச்சல் காலத்தில் புராஸ்டேட்டை யாரும் அழுத்தி மசாஜ் செய்யக் கூடாது. கிருமி ரத்தத்தில் பரவ அது வழிவிடும். மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாள் ஆகியும் காய்ச்சல் விடவில்லையென்றால் சுரப்பிக்குள் சீழ்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். நீர் அறவே கட்டிக்கொண்டால் அது அவசரம், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோர்ஸ் முடிந்த பிறகு ஒருமுறை கல்ச்சர் செய்து சிறுநீர் சுத்தமாகிவிட்டதை உறுதி செய்துகொள்ளுங்கள். ‘சரியாகிவிட்டதே’ என்று பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி டெஸ்ட்டைத்தான்.

‘நாலு பாட்டில் டெஸ்ட்’ என்கிறார்களே, அது என்ன? என் டாக்டர் சாதாரண யூரின் டெஸ்ட் மட்டும்தான் எழுதினார்.

1968 முதல் இருக்கும் பழைய சோதனை. கிருமி குழாயில் இருக்கிறதா, சிறுநீர்ப்பையிலா, புராஸ்டேட்டிலா என்று இடம் பிரித்துப் பார்ப்பதுதான் நோக்கம். முதலில் வரும் 10 மி.லி. நீரை முதல் பாட்டிலில் பிடிப்பார்கள். அது குழாயைக் கழுவிக்கொண்டு வருவது. கொஞ்சம் நீரை விட்டுவிட்டு நடுவில் பிடிப்பது இரண்டாவது, அது சிறுநீர்ப்பையினுடையது. முழுவதும் கழித்துவிடாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறகு மருத்துவர் ஆசனவாய் வழியாக விரலைவிட்டு, சுரப்பியை இரண்டு ஓரங்களிலிருந்தும் நடுக்கோட்டை நோக்கி நீவிவிடுவார். ஆண்குறி நுனியில் சொட்டும் திரவம் மூன்றாவது. அதன்பின் வரும் 10 மி.லி. நீர் நான்காவது. மூன்றிலோ நான்கிலோ உள்ள கிருமி முதல் இரண்டைவிடப் பத்து மடங்கு இருந்தால், கிருமியின் வீடு புராஸ்டேட்டுதான்.

நடைமுறையில் நீவுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு பாட்டிலே போதும். கிட்டத்தட்ட அதே விவரம் கிடைத்துவிடும். பிசகுவதெல்லாம் சின்னச் சின்ன இடங்களில்தான். ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருக்கும்போது மாதிரி கொடுப்பது, நுனித்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவாமல் பிடிப்பது, பிடித்த பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு அரை நாள் சுற்றுவது. அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்த சிறுநீரில் எல்லாமே வளரும். உடனே கொடுக்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

விந்தை மட்டும் கல்ச்சருக்கு அனுப்பி, அதில் ஏதோ ஒரு கிருமி வளர்ந்தது என்று அலறிக்கொண்டு வருபவர்களும் உண்டு. விந்து வெளிவரும் பாதையில், தோலில் வாழும் சாதுவான கிருமிகள் எப்போதும் இருக்கும். அதை மட்டும் நம்பி மருந்து தொடங்கக் கூடாது.

உண்மையிலேயே நாள்பட்ட பாக்டீரியா என்று தெரிந்தால் நான்கு முதல் ஆறு வாரம் மருந்து தேவைப்படும், அதுவும் புராஸ்டேட் திசுவுக்குள் போகக்கூடிய மருந்து. நைட்ரோஃப்யூரன்டாயின் சிறுநீர்ப்பைத் தொற்றுக்குக் கெட்டிக்கார மருந்து; ஆனால் சிறுநீரில் மட்டும் சேரும், சுரப்பிக்குள் புகாது. ‘அதைச் சாப்பிட்டால் சரியாகிறது, நிறுத்தினால் ஒரு மாதத்தில் திரும்ப வருகிறது’ என்பவர்கள் இதை டாக்டரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். பால்வினைத் தொற்றுக்கு வாய்ப்பிருந்தால் கிளமிடியா, கொனோரியா சோதனையும் சேர வேண்டும். அதற்கு நடுநீர் உதவாது; ஒரு மணி நேரமாவது அடக்கிவிட்டு, முதலில் வரும் நீரைக் கொடுக்க வேண்டும்.

பி.எஸ்.ஏ. 7.2 என்று வந்திருக்கிறது. 36 வயது. அழற்சிதான் என்கிறார்கள். பிற்காலத்தில் இது கேன்சராக மாறுமா? தூக்கமே இல்லை.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். அதன் வேலை விந்தை இளக்குவது. சுரப்பிக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் அழற்சியில் ஓட்டையாகும்போது ரத்தத்தில் அதிகம் கசிகிறது. கடும் தொற்றில் 7.2 என்ன, அதைவிடப் பல மடங்கும் ஏறும். உங்கள் வயதில், அழற்சி நேரத்தில் வந்த இந்த எண் புற்றுநோயைக் காட்டுகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த நேரத்தில் பி.எஸ்.ஏ. பார்த்ததே தேவையில்லாத வேலை.

இப்போது செய்ய வேண்டியது: தொல்லை அடங்கிய பிறகு ஆறு முதல் எட்டு வாரம் காத்திருந்து மறுபடி பாருங்கள். ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் விந்து வெளியேற்றமும் நெடுந்தூர சைக்கிளும் வேண்டாம். இரண்டும் எண்ணைக் கூட்டலாம். முடிக்காக ஃபினாஸ்டரைடு சாப்பிடுபவராக இருந்தால் சொல்லிவிடுங்கள், அது பி.எஸ்.ஏ.-வைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். கடும் தொற்றுக்குப் பிறகு பழைய நிலைக்கு இறங்கச் சிலருக்குப் பல மாதங்களும் ஆகலாம். போக்கு இறங்குமுகமாக இருந்தால் போதும். இறங்காமல் நின்றால் எம்.ஆர்.ஐ. அதிலும் ஒரு சிக்கல், அழற்சி சில நேரம் எம்.ஆர்.ஐ.-யில் கட்டி போலவே தோற்றமளிக்கும். படத்தைப் பார்த்த உடனே பயாப்சிக்குப் பறக்காமல், அழற்சி இருந்த விவரத்தை ரேடியாலஜிஸ்டுக்கும் சொல்ல வேண்டும்.

கேன்சராக மாறுமா என்பதை மழுப்பாமல் சொல்கிறோம். நெடுநாள் அழற்சி செல்களை நோகடித்துப் புற்றுக்கு வழி வகுக்கலாம் என்ற கருத்து ஆராய்ச்சியாளர்களிடம் உண்டு. அழற்சிக்கு அருகே சுருங்கியும் பெருகியும் கிடக்கும் செல் கூட்டங்களை நுண்ணோக்கியில் கண்டதிலிருந்து அந்தச் சந்தேகம் வலுத்தது. சில கணக்கெடுப்புகளில் புராஸ்டேடைட்டிஸ் வந்தவர்களிடம் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு கோணல் இருக்கிறது. வலி உள்ளவர் அடிக்கடி டாக்டரிடம் போகிறார், அடிக்கடி பி.எஸ்.ஏ. பார்க்கிறார், பார்க்கப் பார்க்க அகப்படுகிறது. வலியில்லாதவரிடம் அதே கட்டி தேடப்படாமலே கிடக்கிறது. இந்தக் கோணலைத் தாண்டி, மூன்றாவது வகை வலி புற்றுநோயாக மாறும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ புராஸ்டேட் புற்றுநோய் இருந்திருந்தால் 40-45 வயதில் பரிசோதனை பற்றிப் பேசத் தொடங்குங்கள். இல்லையென்றால் மற்ற எல்லாரையும் போல 50 வாக்கில். அதற்கு முன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. பார்த்தால் மிஞ்சுவது தூக்கக்கேடுதான்.

வயதான பிறகு வரும் வீக்கத்துக்கும் அழற்சிக்கும் உள்ள தொடர்பு இதைவிடக் கொஞ்சம் உறுதியானது. வீங்கிய சுரப்பிகளின் திசுவை ஆராய்ந்தபோது, அழற்சி உள்ளவை பெரிதாக இருந்தன, நீர் கட்டிக்கொள்வதும் அதிகமாக இருந்தது. ஐம்பதைத் தாண்டி நீரின் வேகம் குறைந்தால் ‘வயசாச்சு’ என்று தள்ளிப்போடாமல் காட்டுங்கள், அவ்வளவுதான்.

கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. விந்து ரிப்போர்ட்டில் ‘பஸ் செல்ஸ் 8-10’, அதாவது சீழ்ச்செல், என்று இருக்கிறது. புராஸ்டேட் அழற்சியால் ஆண்மையே போய்விடுமா? (வயது 31)

ஆண்மை வேறு, விந்தின் தரம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விந்தின் அளவில் 20 முதல் 30 சதவீதம் புராஸ்டேட் தருவது. துத்தநாகம், சிட்ரேட், கெட்டியை இளக்கும் பி.எஸ்.ஏ. எல்லாம் அதில்தான் வருகின்றன. அழற்சியில் விந்து இளகுவது தாமதமாகலாம், உயிரணுக்களின் ஓட்டம் குறையலாம், வெள்ளணுக்கள் உமிழும் ரசாயனங்களால் உயிரணு சேதப்படலாம். ஆனாலும் இந்தத் தொல்லை உள்ள பெரும்பாலோர் தகப்பனாகிறார்கள்.

அந்த ‘8-10’ விஷயத்துக்கு வருவோம். விந்தில் உருண்டையாகத் தெரியும் எல்லாச் செல்லும் சீழ்ச்செல் இல்லை. முதிராத உயிரணுக்களும் உருண்டையாகவே இருக்கும். நுண்ணோக்கியில் சும்மா பார்த்து எண்ணிவிட்டுச் சீழ்ச்செல் என்று எழுதிவிடுவது பல லேப்களில் நடக்கிறது. பெராக்ஸிடேஸ் சாயம் போட்டு எண்ணினால்தான் அசல் வெள்ளணு எது என்று தெரியும். அது ஒரு மி.லி.-க்கு 10 லட்சத்தைத் தாண்டினால்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கூடவே சிறுநீர்க் கல்ச்சரும் செய்யுங்கள். கிருமி இருந்தால் மருந்து. இல்லையென்றால் சீழ்ச்செல் என்ற வார்த்தைக்காக ஆன்டிபயாட்டிக் வேண்டாம். அடுத்த மாதிரியை இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுங்கள். உயிரணு உருவாகி வெளிவர இரண்டரை மாதம் ஆகும் என்பதால், எந்தச் சிகிச்சையின் பலனையும் மூன்று மாதம் கழித்துத்தான் எடைபோட முடியும்.

பலர் கவனிக்காத இரண்டு. நீர் தாராளமாகப் பிரிய எழுதித்தரும் சிலோடோசின், சிலருக்கு டாம்சுலோசின், விந்தை வெளியே வரவிடாமல் வறண்ட உச்சத்தை உண்டாக்கும். மாத்திரையை நிறுத்தினால் சரியாகும். குழந்தைக்கு முயல்வதை டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார். இரண்டாவது, வலிக்குச் சொல்லப்படும் வெந்நீர்த் தொட்டி. விதைப்பை தினமும் சூட்டில் ஊறினால் உயிரணு உற்பத்தி குறையும். இந்த நாட்களில் தொட்டியை விட்டுவிட்டு, அடிவயிற்றிலோ விதைப்பைக்குப் பின்னாலோ வெப்பப் பையால் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவிக்கான பரிசோதனையும் இதே நேரத்தில் நடக்கட்டும். ஒருவர் ரிப்போர்ட் சரியாகும்வரை மற்றவர் காத்திருப்பதில் வருடங்கள் ஓடிவிடும்.

மலம் கழிக்க முக்கும்போது ஆண்குறியில் பால் போல ஒரு சொட்டு வருகிறது. விந்து வீணாகிறதா?

இல்லை. நிறைந்திருக்கும் புராஸ்டேட் மேல் கெட்டியான மலம் அழுத்தும்போது அதன் திரவம் பிதுங்குகிறது. உடம்பின் சக்தி எதுவும் அதோடு போவதில்லை. மலச்சிக்கலைச் சரிசெய்யுங்கள், நின்றுவிடும். எரிச்சலோடு, உள்ளாடையில் கறை படிய, முக்காமலே வந்தால் மட்டும் பால்வினைத் தொற்றுக்குப் பரிசோதியுங்கள். சுயஇன்பத்தால் புராஸ்டேடைட்டிஸ் வருவதில்லை என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். இதே கேள்வியை வேறு மூவர் கேட்டிருந்தார்கள்.

யூடியூபில் பார்த்துக் கீகல் பயிற்சி செய்தேன். இரண்டு வாரத்தில் வலி இரட்டிப்பாகிவிட்டது. எதனால்?

கீகல் என்பது இடுப்புத்தளத் தசையை இறுக்கிப் பலப்படுத்துவது. அந்தத் தசை தளர்ந்தவர்களுக்கு நல்லது. உங்களுக்கு ஏற்கெனவே இறுகிப்போயிருக்கிறது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டவரை நுனிக்காலில் நிற்கச் சொன்னது போலாகிவிட்டது.

அடையாளம் எப்படி? பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கையுறை மாட்டிய ஒரு விரலால், ஆசனவாய் வழியே இரண்டு பக்கச் சுவர்களிலும் உள்ள தசையை மெல்ல அழுத்திப் பார்ப்பார். இறுகிய இடத்தில் கயிறு மாதிரி ஒரு முடிச்சு தட்டுப்படும். அதை அழுத்தியதும் ‘இதுதான், இதே வலிதான்’ என்று நோயாளி சொல்வது உண்டு. விரல் அழுத்துவது ஆசனவாய்க்கு உள்ளே. வலி தெரிவது ஆண்குறி நுனியில், விதையில், அடிவயிற்றில். அந்த முடிச்சுகளை அழுத்தித் தளர்த்துவதுதான் சிகிச்சையின் முதல் பாதி. வழக்கமாக வாரம் ஒன்றாகச் சுமார் பத்து அமர்வுகள். மீதிப் பாதி நீங்கள் வீட்டில் செய்வது.

மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் ஒரு நாற்காலி மேல் வையுங்கள். ஒரு கை வயிற்றில், ஒரு கை மார்பில். நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுங்கள். வயிற்றுக் கைதான் எழ வேண்டும், மார்புக் கை அசையக் கூடாது. மூச்சு உள்ளே போகும்போது ஆசனவாயைச் சுற்றியுள்ள பகுதி கீழே இறங்கி விரிவதைக் கவனியுங்கள். நீர் கழிக்கத் தொடங்கும் அந்த முதல் நொடியில் உள்ளே ஏதோ ‘விடுகிற’ உணர்வு வருமே, அதேதான். ஆறு எண்ணும்வரை மூச்சை விடுங்கள், விடும்போது எதையும் இறுக்க வேண்டாம். ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. இதில் நடக்கும் வழக்கமான தப்பு, விரிவதற்குப் பதில் மலம் கழிப்பதுபோல் கீழே முக்குவது. முக்கினால் தசை மறுபடி இறுகும். விரிவது உங்கள் முயற்சியால் நடக்கக் கூடாது, மூச்சால் நடக்க வேண்டும்.

அது பிடிபட்ட பிறகு நீட்சிகள். குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு, முட்டியை அகற்றி ஆழமாகக் குந்துவது. படுத்தபடியே முட்டிகளை அக்குள் பக்கம் இழுத்துப் பிடிப்பது. ஒவ்வொன்றும் 30 வினாடி முதல் ஒரு நிமிடம், ஐந்து முறை, மேலே சொன்ன மூச்சோடு. வலித்தால் அளவைக் குறையுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு செய்யாதீர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பளு தூக்குவதையும் சிட்-அப்பையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.

பகல் முழுக்க நடக்கும் இறுக்கம்தான் உண்மையான எதிரி. மெயில் அடிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, வாக்குவாதத்தில், தோள் ஏறுவது போலவே ஆசனவாயும் இறுகும். மணிக்கு ஒருமுறை செல்போனில் மணி வைத்து, ‘கீழே இறுக்கிப் பிடித்திருக்கிறேனா?’ என்று கேட்டு, இறுகியிருந்தால் தளர விடுங்கள். முதல் வாரத்தில் ஒவ்வொரு முறையும் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். கழிப்பறையில் நீரை முக்கித் தள்ள வேண்டாம், நடுவில் நிறுத்திப் பார்க்கும் பரிசோதனையும் வேண்டாம். ‘எதற்கும் ஒருமுறை போய்விட்டு வரலாம்’ என்று போவதை நிறுத்தி, இடைவெளியைப் பதினைந்து பதினைந்து நிமிடமாகக் கூட்டுங்கள்.

பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். ‘இன்று வலிக்கிறதா’ என்று தினமும் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இதற்கென்றே 43 மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. வலி, நீர்த்தொல்லை, வாழ்க்கைத்தரம் என்று மூன்று பகுதி. டாக்டரிடம் கேட்டு வாங்கி மாதம் ஒருமுறை நிரப்புங்கள். 6 புள்ளி குறைந்தாலே நல்ல முன்னேற்றம்.

ஆல்ஃபா பிளாக்கர், குவர்செட்டின், அக்குபங்சர்... எதில் உண்மையிலேயே பலன் இருக்கிறது?

ஆல்ஃபா பிளாக்கர் என்பது டாம்சுலோசின் போல நீர் தாராளமாகப் பிரிய உதவும் மருந்து வகை. 2008-ல் 272 ஆண்களை வைத்து அந்த வகையைச் சேர்ந்த அல்ஃபுசோசின் 10 மி.கி. மாத்திரையைப் பன்னிரண்டு வாரம் சோதித்தார்கள். மாத்திரை எடுத்தவர்களில் 49.3 சதவீதம் பேருக்குத் தொல்லை குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் 49.3 சதவீதம்! விளம்பரங்களில் ‘எனக்குச் சரியாயிற்று’ என்று சொல்பவர்களை நினைக்கும்போது இந்த எண்ணை நினைவில் வையுங்கள். மருந்தே இல்லாத மாத்திரையிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூன்று மாதத்தில் தொல்லை குறைகிறது. நீர் பிரிவதில் தடை உள்ளவருக்கு ஆல்ஃபா பிளாக்கர் உதவும். வலி மட்டும் உள்ளவருக்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

தாவரங்களில் இருக்கும் குவர்செட்டின் என்ற பொருள் 500 மி.கி. தினம் இரண்டு வேளை, மகரந்தச் சாறு மாத்திரை, இரண்டுக்கும் சாதகமான ஆய்வுகள் உண்டு. குவர்செட்டின் ஆய்வு சுமார் 30 பேரை மட்டும் வைத்துச் செய்த சின்ன ஆய்வு. மகரந்தச் சாற்றுக்கு அதைவிடப் பெரியது. ஒரு மாதம் முதல் மூன்று மாதம் பார்த்துவிட்டு, பலனில்லை என்றால் நிறுத்துங்கள். அக்குபங்சருக்குக் கிடைத்திருக்கும் சான்று பலர் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. 2021-ல் வெளியான 440 பேர் ஆய்வில், எட்டு வாரத்தில் 20 அமர்வு செய்தவர்களில் 60.6 சதவீதம் பேருக்குப் பலன். போலியாக ஊசி வைத்தவர்களில் 36.8. எரிச்சலும் சுரீர் வலியும் நரம்புத் தன்மையோடு இருந்தால் இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் கைகொடுக்கும், டாக்டர் சீட்டோடு. இபுப்ரோஃபென் போன்றவை வலி ஏறும் நாட்களுக்கு மட்டும். வயிற்றுப் புண், சிறுநீரகத் தொல்லை இருந்தால் அதுவும் கூடாது.

ஒரே நோய் என்று நினைத்து ஒரே மாத்திரை தேடுவதால்தான் பலருக்கு வருடங்கள் போகின்றன. நீர்த்தொல்லை, மனச்சோர்வு, சுரப்பி, கிருமி, நரம்பு, தசை என்ற ஆறில் உங்களுக்கு எவை பொருந்துகின்றன என்று பிரித்து, பொருந்துவதற்கெல்லாம் ஒரே நேரத்தில் சிகிச்சை செய்யும் முறைக்கு இப்போது பல யூராலஜிஸ்டுகள் வந்துவிட்டார்கள். அதைக் கேளுங்கள். விறைப்புக் குறைவது, விந்து முந்துவது பற்றி எழுதியிருந்த இரண்டு வாசகர்களுக்கும் இதே பதில். சேதமான நரம்பினால் வருவதில்லை அது. வலிக்குமோ என்ற பயமும் இறுகிய தசையும் சேர்ந்து செய்வது. வலி அடங்க அடங்க அதுவும் தேறும். இடையில் தேவைப்பட்டால் தடாலாஃபில் 5 மி.கி. பற்றி டாக்டரிடம் பேசலாம். இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் தொடவே கூடாது.

கணவருக்குப் புராஸ்டேடைட்டிஸ். முகம் கொடுத்துப் பேசாமல் ஒதுங்குகிறார். எனக்கும் தொற்றுமா?

கிருமியில்லாத வகை தொற்றாது, உறவைத் தள்ளிப்போடவும் தேவையில்லை. கிளமிடியாவோ கொனோரியாவோ உறுதியாகியிருந்தால் மட்டும் இருவருக்கும் ஒரே நேரத்தில் மருந்து, முடித்து ஏழு நாள்வரை உறவு வேண்டாம். அவர் முகம் கொடுத்துப் பேசாமல் ஒதுங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உறவுக்குப் பிறகு வரும் வலிக்குப் பயந்து விலகுபவர் அதை வெளியில் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டியிருக்கும். சாப்பாடும் தூக்கமும் குறைந்து, வாழ்வதே பாரம் என்பது போல் பேச ஆரம்பித்தால் யூராலஜிஸ்டை விட்டுவிட்டு முதலில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இந்த வலியோடு மனச்சோர்வு வருவது அரிதில்லை.

தினமும் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டுகிறேன், எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை. நிறுத்திவிடவா?

சைக்கிளை ஆறு வாரம் நிறுத்திப் பாருங்கள். வலி குறைந்தால் காரணம் பிடிபட்டது. திரும்ப ஓட்டும்போது நடுவில் பள்ளம் உள்ள அகலமான சீட், அதன் முன்நுனி சற்றுக் கீழே பார்த்திருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து மிதியுங்கள். நாற்காலியில் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுங்கள். வட்டமான ‘டோனட்’ மெத்தையைவிட, பின்பக்கம் திறந்த ‘யு’ வடிவ மெத்தை நல்லது.

நாற்காலியில் வலிக்கிறது, கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்தால் வலி விட்டுவிடுகிறது என்றால், அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிறப்புறுப்புப் பகுதிக்கு உணர்ச்சி தரும் புடெண்டல் நரம்பு நசுங்குவதற்கான முக்கியத் தடயம் அது. தொடையின் உட்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போய், கூடவே நீரும் வரவில்லை என்றால் புராஸ்டேட்டை மறந்துவிட்டு அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள், முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம். விதையில் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் பொறுக்க முடியாத வலி வந்தாலும் அப்படியே. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் காப்பாற்ற ஆறு மணி நேரம்தான் அவகாசம்.